சனிக்கிழமை ராத்திரிக்கு: கோட்டையா, ஆம்பூரா, கூத்துக்களமா?

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய பேச்சு ஒன்று உண்டு. 1981ல் கோட்டைக் கோயிலின் சிவனான ஜலகண்டேஸ்வரர் உள்ளே திரும்பி வந்ததும் நடுவில் இருந்தது அடிபட்டுப் போனது. அந்தக் காலி இடத்தில் 'ராத்திரி இல்லாத டவுன்' என்று சேர்த்துக்கொள்ளலாம். இது ஆஸ்பத்திரி ஊர். விடியற்காலையில் டோக்கனுக்கு வரிசையில் நிற்க வேண்டியவர்கள் சீக்கிரம் சாப்பிட்டுச் சீக்கிரம் படுக்கிறார்கள், கடைகளும் அவர்களை ஒட்டியே ஷட்டரை இறக்குகின்றன. பத்து மணிக்குமேல் காந்தி ரோட்டில் விழித்திருப்பவை மருந்துக்கடைகளும் ஓரிரு டீக்கடைகளும்தான்.

ஆகவே 'எங்கே நல்லா இருக்கும்' என்று தொடங்காதீர்கள். வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப முடியும், திரும்பி வந்தே ஆக வேண்டிய நேரம் எது, இது என்ன மாதம் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் இடம் தானாக முடிவாகிவிடும். பணம் இதில் பெரிய கணக்கே இல்லை. விடியவிடிய நடக்கும் கூத்துக்கு டிக்கெட் கிடையாது, கோட்டைக்குள் நடக்கக் காசு வேண்டாம், பிரியாணிக்காக ஆம்பூர் போக ஆகும் பெட்ரோல்தான் அதிகச் செலவு.

கோட்டையும் காந்தி ரோடும்: 5 மணிக்குக் கிளம்பி 9 மணிக்கு வீடு

சின்னக் குழந்தைகளோ முட்டிவலிக்காரர்களோ கூட இருந்தால் இதுதான். ஆனால் பலரும் ஆறரைக்குமேல் வந்து, இருட்டில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, 'பார்த்தாச்சு' என்று போகிறார்கள். பார்க்க வேண்டியதே வேறு. வெளிப் பிராகாரத்தில் நுழைந்ததும் இடப்பக்கம் இருக்கும் கல்யாண மண்டபத்துக்காகத்தான் இந்தக் கோயிலுக்கு வர வேண்டும். பாயும் குதிரைகளும் யாளிகளும் வீரர்களுமாக ஒற்றைக் கல்லில் குடைந்த தூண்கள். விஜயநகரக் கலை வட ஆர்க்காட்டில் விட்டுப்போனவற்றில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்வது கஷ்டம். இந்த மண்டபத்தைக் கழற்றி லண்டனுக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் ஏற்பாடு செய்தார்கள் என்றும் அது நடக்காமல் போனது என்றும் ஒரு கதை ஊரில் உலவுகிறது. தூண்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும்.

சிற்பத்துக்கு வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும். அஞ்சரை மணி வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது குதிரையின் கடிவாளம், வீரனின் இடுப்புக் கச்சை, யாளியின் பல் எல்லாம் தனித்தனியாக எழுந்து நிற்கும். இருட்டியபின் டியூப்லைட் நேராக மேலிருந்து விழும், கல் தட்டையாகிவிடும். தாமதமாகிவிட்டதென்றால் போன் டார்ச்சைத் தூணுக்கு நேராகக் காட்டாதீர்கள். தூணை ஒட்டி ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். நிழல் விழுந்தால்தான் உளி தெரியும். அண்ணாந்து பார்க்கவும் மறக்க வேண்டாம்: விதானத்தின் நடுவில் தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். பாதிப் பேர் இதைப் பார்க்காமலேயே வெளியே வந்துவிடுகிறார்கள்.

கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தை இந்த மாலைக்குள் திணிக்க முடியாது. 5 மணிக்கு மூடிவிடுவார்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. அதற்கு ஒரு பகல் தனியாக வேண்டும்.

ஸ்ரீபுரம் தங்கக் கோயிலையும் இதே மாலையில் சேர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்க வேண்டாம். 2007ல் திறந்த அந்தக் கோயிலில் ஏறத்தாழ 1,500 கிலோ தங்கம் வேய்ந்திருக்கிறது. அந்தி மயங்கி விளக்கு போடும் நேரத்தில் அது நன்றாகவும் இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் நட்சத்திர வடிவப் பாதை மட்டுமே கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர். போனைக் கொடுத்துவைக்க ஒரு வரிசை, தரிசனத்துக்கு ஒரு வரிசை. அரைக்கால் சட்டை போட்டு வந்தால் உள்ளே விடமாட்டார்கள், குடும்பத்தில் ஒருவர் வெளியே நிற்க நேரும். சனி, ஞாயிறில் இரண்டு மணி நேரம் அங்கேயே கரைந்துவிடும், கோட்டை அவ்வளவுதான். ஒரு மாலைக்கு ஒரு கோயில் போதும்.

கோட்டையை விட்டு ஏழு, ஏழரைக்கு வெளியே வந்தால் சாப்பாடு. இங்கே வேலூருக்கு மட்டுமே வாய்த்த ஒன்று உண்டு: சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளத்துக்காரர்களுக்காக காந்தி ரோட்டிலும் அதன் சந்துகளிலும் முளைத்த பெங்காலி மெஸ்கள். போர்டே வங்க எழுத்தில்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத்தான் அந்தக் கடை என்று நினைத்து உள்ளூர்க்காரர்கள் ஒதுங்கிப் போகிறார்கள், அது நஷ்டம். ரோகு மீனைக் கடுகெண்ணெயில் பொரித்து, மஞ்சளும் சீரகமும் போட்டுத் தண்ணியாக விட்ட குழம்பு, மசூர் பருப்பு, ஒரு உருளைக்கிழங்குப் பொரியல், சோறு. நம் புளிக்குழம்பை எதிர்பார்த்துப் போனால் முதல் வாய் சப்பென்று இருக்கும். கடுகெண்ணெய் வாசம் பிடிபட இரண்டு மூன்று கவளம் ஆகும். ரோகு முள் மீன், குழந்தைகளுக்கு வயிற்றுப் பக்கத்துத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள், முதுகுத் துண்டில் பொடிமுள் அதிகம். ஒன்பதுக்குள் போய்விட வேண்டும், அதற்குமேல் மீன் தீர்ந்து முட்டைக்குழம்பில் வந்து நிற்கும்.

காட்பாடியில் விஐடி பல்கலைக்கழகத்தின் பக்கத்துக் கடைகள் இதற்கு நேர் எதிர்: சத்தம், வெளிச்சம், மோமோ, ஷவர்மா. விடுதிக் கதவு மூடும் நேரம் நெருங்கினால் கூட்டம் ஒரேயடியாக வடிந்துவிடும். வயது இருபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆம்பூர்: சாப்பாட்டுக்காக மட்டும்

வேலூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா டோலைத் தாண்டி, ஒரு மணி நேரம். வேலூரிலேயே 'ஆம்பூர் பிரியாணி' போர்டு தெருவுக்குத் தெரு இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம்?

நியாயமான கேள்விதான். செய்முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை. சீரகச் சம்பா அரிசி, அரிசிக்குச் சமமான எடையில் கறி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, வெங்காயம், தக்காளி, தயிர், இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு ஏலக்காய். மல்லித்தூளுக்கும் தேங்காய்க்கும் வேலை இல்லை. நிறம் மிளகாய் விழுதிலிருந்து வருவது. கறி மசாலாவில் தனியாக வெந்துகொண்டிருக்கும். அரிசியை அரை மணி நேரத்துக்கு மிகாமல் ஊறவைத்து, கொதிக்கும் உப்புத்தண்ணியில் முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, கறியோடு சேர்த்து, மூடி போட்டு மேலே தணல் கொட்டித் தம்மில் விடுவார்கள். சீரகச் சம்பா சின்ன அரிசி என்பதால் இங்கேதான் கோட்டை விடுவார்கள்: கூட ஊறினாலோ, வடிப்பது இரண்டு நிமிஷம் தள்ளிப்போனாலோ, தம்மில் குழைந்து பொங்கலாகிவிடும். வடித்தது அவசரமாகிவிட்டால் நடுவில் வெள்ளையாக அரிசிக்குருணை பல்லில் தட்டும்.

ஆம்பூரில் வித்தியாசம் கைப்பக்குவத்தைவிட விற்பனையின் வேகத்தில் இருக்கிறது. அங்கே ஒரு தேக்சா (பிரியாணி வேகும் பெரிய பாத்திரம்) திறந்தால் சீக்கிரம் காலியாகிறது, அடுத்த தேக்சா அதற்குள் தம்மில் இருக்கிறது. விற்பனை மந்தமான கடையில் அதே பிரியாணி மணிக்கணக்கில் மூடியே கிடந்து, மூடியில் படிந்த ஆவி தண்ணியாகச் சொட்டி, மேல்சோறு நசநசத்து, அடிச்சோறு காய்ந்துவிடும். ஆகவே ஊரின் பெயரைப் பார்க்காமல் தேக்சாவைப் பாருங்கள். கடைக்காரரிடம் 'அடுத்த தம் எப்போ உடைப்பீங்க?' என்று கேளுங்கள். நேரம் சொல்லத் தெரிந்த கடையில் காத்திருக்கலாம். 'இருக்கு சார், உக்காருங்க' என்று மட்டும் பதில் வந்தால், இருப்பது மதியத்து மிச்சம்.

ராத்திரிக்கு ஆம்பூர் போவதில் உள்ள சிக்கலும் இதுதான். இந்தச் சாப்பாட்டின் உச்சம் மதியம் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில். ராத்திரி தேக்சா உண்டு, ஆனால் அளவு குறைவு. எட்டு மணிக்குள் இலை முன் இருக்க வேண்டும் என்றால் ஆறரைக்குமேல் வேலூரை விட்டுக் கிளம்புவதில் அர்த்தமில்லை. ஒன்பதரைக்குப் போய்ச் சேர்பவர்கள் அடிச்சோறும் எலும்பும் வாங்கிக்கொண்டு 'ஆம்பூர் பேரு பெத்த பேருதான்' என்று திட்டிக்கொண்டே திரும்புகிறார்கள்.

தொட்டுக்கொள்ளத் தரும் எண்ணெய்க் கத்திரிக்காயைக் கேட்டு இரண்டாவது முறை வாங்குங்கள். புளியும் எள்ளும் வேர்க்கடலையும் சேர்ந்த அந்தக் குழம்புதான் மிளகாய்க் காரத்தை அடக்கும். தயிர் வெங்காயம் சோற்றை நனைத்துவிடும், ஓரமாக வைத்துக்கொள்வதே நல்லது. ஆட்டுக்கறி, கோழி, மாட்டுக்கறி மூன்றும் அந்த ஊரில் சகஜம். கடைக்குக் கடை மாறும், உட்காரும் முன்னால் கேட்டுவிடுங்கள்.

சாப்பிட்டு முடித்தால் ஆம்பூரில் ராத்திரி வேறு வேலை கிடையாது. ரம்ஜான் மாதம் மட்டும் விலக்கு. தராவீஹ் தொழுகை முடிந்தபின் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ஆர்க்காடு போகும் வழியில் மேல்விஷாரம் எல்லாம் விழித்துக்கொள்ளும். அந்த முப்பது நாளும் இந்த வட்டாரத்தில் நள்ளிரவுச் சாப்பாடு என்ற ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஆம்பூர் பயணத்தை வருஷத்துக்கு ஒரு தடவைதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அப்போது வையுங்கள். வண்டியோட்டி ராத்திரி திரும்புபவர்களுக்கு ஒன்று: பிரியாணிக்குப் பிறகு நெடுஞ்சாலை, லாரிகள், கண் சொக்கும். வழியில் ஒரு டீக்கு நிறுத்துவதை முன்பே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

கூத்து: இந்த மண்ணில் விடியவிடிய நடப்பது அது ஒன்றுதான்

பங்குனியிலிருந்து ஆடி வரை என்றால் யோசிக்கவே வேண்டாம். வட ஆர்க்காட்டில் நைட் லைஃப் என்ற சொல்லுக்குத் தகுதியான ஒன்று இருக்கிறதென்றால் அது திரௌபதி அம்மன் கோயில் திடலில், ராத்திரி பத்துக்குத் தொடங்கி விடியற்காலை ஆறு வரை நடக்கும் பாரதக் கூத்து. ஆர்க்காடு, கலவை, ஆரணி, செய்யாறு சுற்று வட்டார கிராமங்களில் இந்த மாதங்களில் ஏதாவது ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கும்.

எங்கே, என்றைக்கு என்று தெரிந்துகொள்ள ஆப் எதுவும் கிடையாது, திருவிழா நோட்டீஸ்தான். பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் டீக்கடைத் தூணிலும் ஒட்டியிருப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம் செய்பவர் பெயர், ராத்திரி ஆடும் ஜமாவின் (கூத்துக் குழுவின்) பெயர், எந்தத் தேதியில் என்ன நாடகம் என்று வரிசையாக அச்சடித்திருக்கும். அதைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாள் தேர்வில்தான் எல்லாம் இருக்கிறது. முதல்முறை போகிறவர்கள் 'வில் வளைப்பு' (திரௌபதி கல்யாணம்) அல்லது 'துகில்' (திரௌபதியின் சேலையை உரியும் காட்சி) நாளைப் பிடியுங்கள். 'அர்ச்சுனன் தபசு' அன்று நிஜமாகவே உயரமான மரத்தின்மேல் நடிகர் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு கீழே காத்திருப்பார்கள். 'பதினெட்டாம் போர்' ராத்திரிக்குப் போனால் மறுநாள் காலை படுகளம் வரை இருக்கத் தயாராகப் போக வேண்டும். துரியோதனன் வதம் நடக்கும் அந்தக் களத்தில் மண்ணால் படுத்த கோலத்தில் செய்த பிரம்மாண்ட துரியோதனன், பிறகு மாலையில் தீமிதி. புதியவர்களுக்கு அது தாங்காது.

ஆட்டம் எப்படி நகரும் என்று தெரிந்தால் சலிப்பு வராது. முதலில் களரி கட்டுதல். மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியம், முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் எல்லாம் சேர்ந்து முழங்கும். இது கூட்டத்தைக் கூப்பிடும் சத்தம், நாற்பது நிமிஷம்கூடப் போகும். பிறகு கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியங்காரன் வருவார், சிரிக்க வைப்பார், கதையைச் சொல்வார். வேஷக்காரர் வருவது அதற்குப் பிறகுதான்.

அந்தத் திரைப் பிரவேசத்தை மட்டும் தவறவிடாதீர்கள். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துணிக்குமேல் கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், கீழே சலங்கை கட்டிய கால். பின்னாலிருந்து துரியோதனன் தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் பாடுவான், 'வந்தானே' என்று. பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். கால் மட்டும் ஆடும், துணி ஆடும், முகவீணை ஏறிக்கொண்டே போகும். பத்து நிமிஷம் இப்படி இழுத்துவிட்டு, திரை சடாரென்று விலகும்போது கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டிய கிரீடம், தோளில் கட்டும் புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம் மூன்றும் ஒரே நேரத்தில் வெளிச்சத்தை வாரி அடிக்கும். கட்டைக்கூத்து என்ற பெயரே இந்தக் கட்டைகளால் வந்தது. கல்யாண முருங்கை கனமற்ற மரம், அதனால்தான் அத்தனை பெரிய அணிகலனைக் கட்டிக்கொண்டு கிறுக்கி அடித்துச் சுழல முடிகிறது.

உட்காருவதற்கு முன்வரிசை நல்ல இடம் இல்லை. பின்பாட்டுக்காரர்களின் பெஞ்சு களத்தின் பின்புறம் இருக்கும். அதற்குக் கொஞ்சம் பக்கவாட்டில், பத்தடி தள்ளிப் பாய் விரித்தால் பாட்டின் சொல்லும் புரியும், ஆட்டமும் தெரியும். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் சொல் எல்லாம் இரைச்சலாகி, ஒரு மணிக்குத் தலைவலி வந்துவிடும். பாய், தண்ணீர் பாட்டில், ஒரு போர்வை, சில்லறை நோட்டு, டார்ச். சித்திரை வெக்கைக்குப் போர்வை எதற்கு என்று நினைப்பீர்கள், மூணு மணிக்குத் திறந்த திடலில் காற்று மாறும்போது தெரியும்.

சொதப்பும் இடங்களும் உண்டு. பன்னிரண்டு மணிக்கு எழுந்து வந்துவிட்டு 'போர்' என்பவர்கள்தான் பெரும்பாலோர். கதையின் கனமான காட்சி இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில்தான் வரும். துகில் நாளில் அந்த நேரத்தில் துச்சாதனன் வேஷக்காரரே முதலில் அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சேலையில் கை வைப்பார். திடலில் பேச்சு நின்றுவிடும், சிலருக்கு அருள் வரும், கற்பூரம் ஏற்றுவார்கள். அப்போது எழுந்து நின்று போனில் பிளாஷ் அடித்தால் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், இருக்கவும் கூடாது. இது அவர்களுக்கு வழிபாடு. பாராட்டிப் பணம் கொடுக்க நினைத்தால் காட்சி முடிந்தபின் கொடுங்கள். நடுவில் கொடுத்தால் உங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்த ஆட்டத்தை நிறுத்த வேண்டிவரும், பின்வரிசைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். செருப்பைக் களத்துக்கு வெளியே விடுங்கள்.

சாப்பாடு? திடலோரத்தில் டீ, வேர்க்கடலை, பஜ்ஜி, சுண்டல். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போவதே சரி. பெண்கள் தனியாகப் போகலாமா என்ற கேள்விக்கு: திடலில் பாதிக் கூட்டம் பெண்களும் பிள்ளைகளும்தான், அங்கே கவலை இல்லை. அகாலத்தில் கிராமத்துச் சாலையில் திரும்புவதுதான் சிரமம். விடியும்வரை இருந்து முதல் பஸ்ஸில் வருவது பாதுகாப்பு, அப்படி வந்தால்தான் முழுக் கூத்தையும் பார்த்ததாகவும் ஆகும்.

சீசன் முடிந்தபின் வேண்டுமென்றால் இரண்டு வழி. இறந்தவருக்குச் செய்யும் காரியத்துக்குக் 'கர்ண மோட்சம்' கூத்து வைக்கும் வழக்கம் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் அது துக்க வீடு, தெரிந்தவர் வழியாக மட்டும். இன்னொன்று: செய்யாறு பக்கம் புரிசையில் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக நடக்கும் கூத்து விழா, காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் 1990ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் நிகழ்ச்சிகள். அங்கே அமைப்பு ஒழுங்காக இருக்கும், புதியவர்களுக்கு எளிது. ஆனால் ஊர்த்திடலின் புழுதி இருக்காது.

சென்னை

காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். மார்கழியில் சபாக் கச்சேரி என்றால் போகலாம், கேன்டீன் சாப்பாட்டோடு சேர்த்து. மற்ற மாதங்களில் ஒரு படத்துக்கும் மால் சுற்றலுக்கும் அஞ்சு மணி நேரத்தை ரயிலில் விடுவது வீண். திரும்பும்போது சென்ட்ரலிலிருந்து ராத்திரி கிளம்பும் கேரளா, கோவை வண்டிகளின் அன்ரிசர்வ்டு பெட்டியில் சனிக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது. காட்பாடியில் நள்ளிரவில் இறங்கினால் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. பாருக்காகப் போகிறவர்கள் தங்கிவிட்டு வருவதே நல்லது. இங்கே டாஸ்மாக் பத்து மணிக்கு மூடிவிடும், அதைச் சுற்றி ஒரு மாலையைத் திட்டமிடுவதில் சுவாரஸ்யம் ஒன்றும் இல்லை.

இனி மாதக் கணக்கு. ரம்ஜான் என்றால் மேல்விஷாரமோ ஆம்பூரோ. பங்குனி முதல் ஆடி வரை கூத்து. அதற்குள் இரண்டு தேதிக்கு மட்டும் கூத்தையும் தள்ளி வைக்கலாம்: சித்ரா பௌர்ணமி ராத்திரி வேலூர்த் தெருக்களில் வரும் புஷ்பப் பல்லக்குகள், வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு (அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் திருவிழா). பல்லக்கைப் பார்க்க வீதி முனையில் நிற்பதைவிட, சாயங்காலமே பூ கட்டும் இடத்துக்குப் போங்கள். மூங்கில் சட்டத்தில் மல்லியும் சாமந்தியும் ஏறுவதைப் பார்ப்பதே பாதிக் கலை. ஆவணியிலிருந்து மாசி வரை கோட்டையும் பெங்காலி மீனும் போதும். சென்னையிலிருந்து நண்பர் வந்து ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மதியம் ஆம்பூர், அஞ்சு மணிக்குக் கல்யாண மண்டபம். இந்த வரிசையை மாற்றினால் பிரியாணியும் போகும், சிற்பமும் போகும்.

கூத்துக்கு ஆர்க்காடு வழியாகப் போகிறவர்கள் ஆர்க்காட்டு இனிப்பான மக்கன் பேடாவைப் போகும்போதே வாங்கிவிடுங்கள், விடியற்காலை திரும்பும்போது கடை திறந்திருக்காது. உள்ளே முந்திரி, பாதாம் மாதிரிப் பருப்பு வைத்துப் பொரித்துப் பாகில் ஊறியது, ஒரு ராத்திரி வண்டியில் இருந்தால் ஒன்றும் ஆகாது. மூடி இறுக்கமான டப்பாவாகக் கேட்டு வாங்கிச் சாயாமல் வையுங்கள். பாகு சிந்திவிட்டால் நீங்கள் நாலு மணிக்குத் திரும்பிப் பார்க்கும்போது திடலின் எறும்பெல்லாம் உங்கள் பாயில்தான் இருக்கும்.